வலிகாமத்துக் கிணறுகள் – பகுதி 17: ஒயில் மிதந்த காலம்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதி ஒன்றைக் கையிலெடுத்து வாசித்துப் பாருங்கள். எல்லை சொல்லி, பரப்புச் சொல்லி, வீடு, தென்னை, பனை என்று நொத்தாரிசு எழுதிக்கொண்டு போவார். பிறகு கிணறு வரும். பெரும்பாலும் முழுக் கிணறு வராது. நாலில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு என்றுதான் வரும். அந்தக் கிணற்றுக்குப் போகும் வழி, தண்ணீர் ஓடும் வாய்க்கால், அவற்றிலுள்ள பாத்தியதை எல்லாம் தனித்தனியே எழுதப்பட்டிருக்கும். எல்லைவேலிக்காக வருடக்கணக்கில் மல்லாகம் கோட்டுக்கு ஏறி இறங்கிய குடும்பங்கள்கூட இறைப்பு முறையில் ஒருவரையொருவர் ஏமாற்றுவது அரிது. தன் பங்கில் அழுக்குச் சேர்த்தால் மற்றவன் பங்கிலும் சேரும், மற்றவன் பங்கில் சேர்த்தால் தன் பங்கிலும் சேரும் என்பது எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரிந்த கணக்கு.

எந்த உறுதியிலும் பெயர் இல்லாத சில பங்காளிகள் சுன்னாகத்துக் கிணறுகளுக்குள் வந்து சேர்ந்ததைத்தான் இந்தப் பகுதியில் பார்க்கப்போகிறோம்.

சென்ற பகுதியில் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்காகச் சுண்ணக்கல் அகழ்ந்ததைப் பார்த்தோம். இங்கும் அதே கல்தான். குடாநாட்டுக்கு ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை ஆறு என்று சொல்வது நமது பெருந்தன்மை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை, மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீருக்கு மேல் வில்லை வடிவில் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியலார் கணக்கு. வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என்று நாலு நீர்ப்படுகைகள். அவற்றுள் பெரியது வலிகாமத்தது. அதற்கு நிபுணர்கள் இட்டிருக்கும் பெயர் சுன்னாகம் நீர்ப்படுகை.

இந்தக் கல்லுக்கு இன்னொரு குணம் உண்டு. மணற்பூமியில் நீர் வடிந்து வடிந்து மெல்லப் போகும். சுண்ணக்கல்லில் அப்படியில்லை; பொந்தும் குகையுமாக அரிபட்டுக் கிடக்கும் வழிகளால் ஓடிவிடும். புத்தூர் நிலாவரையும் கீரிமலைக் கேணியும் அந்த வழிகளின் வாய்கள். ஆகவே ஒரு வளவுக்குள் மண்ணில் ஊற்றியது அந்த வளவுக்குள்ளேயே நிற்கும் என்று இங்கே யாரும் உத்தரவாதம் தர முடியாது. எரிபொருள் எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையத்தை வைப்பதற்கு இலங்கைத் தீவில் இதைவிட மோசமான நிலம் கிடைப்பது கடினம்.

ஆனாலும் வைத்தார்கள். பின்னாளில் இலங்கை மின்சார சபையாக மாறிய அரச மின்சாரத் திணைக்களம் 1950களின் பிற்பகுதியிலேயே சுன்னாகத்தில் டீசல் மின்நிலையத்தை இயக்கத் தொடங்கியது. அன்றைக்கு அது ஊருக்குப் பெருமை. இயந்திரத்தில் மாற்றிய ஒயிலை என்ன செய்தீர்கள் என்று கேட்கும் வழக்கம் அப்போது கொழும்பிலும் இல்லை, லண்டனிலும் இல்லை. தேசிய சுற்றாடல் சட்டமே 1980 இல்தான் வந்தது. பிறகு போர். விமானக் குண்டுவீச்சில் மின்நிலையத்தின் எண்ணெய்த் தாங்கி உடைந்து எண்ணெய் நிலத்தில் ஓடியது. அதை ஊரில் யாரும் மறக்கவில்லை. அந்த நினைவு பின்னாளில் எத்தனை பேருக்குக் கைகொடுத்தது என்பதைக் கீழே பார்ப்போம்.

1990 இல் குடாநாடு இருண்டது. மண்ணெண்ணெய்க்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, திரி ஏற்றிப் படித்த ஒரு தலைமுறை இன்றைக்கு வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் உலகமெங்கும் இருக்கிறது. சைக்கிளை நிறுத்தி வைத்து மிதித்து, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். தோட்டக்காரன் பம்பை மூடிவைத்துவிட்டுப் பழையபடி துலாவுக்குப் போனான். இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அப்படியொரு இருட்டுக்குப் பிறகு சுன்னாகத்தில் மறுபடி இயந்திரங்கள் உறுமியபோது, புகையையோ சத்தத்தையோ யாரும் பெரிதுபடுத்தவில்லை. மின்குமிழ் எரிந்தால் போதும் என்ற மனநிலை. அந்த மனநிலையைத் தெரிந்துகொண்டே வந்தவர்கள் இருந்தார்கள்.

மின்சார சபை, தன் நிலையத்தோடு நிற்காமல், தனியாரிடம் மின்சாரம் வாங்கியது. பிரித்தானியாவின் அக்ரிகோ நிறுவனம் சில காலம் விநியோகித்தது. போர் முடிந்த காலத்தையொட்டி நொதேர்ண் பவர் என்ற தனியார் நிறுவனம் அனல்மின் நிலையத்தைச் சுன்னாகத்தில் இயக்கத் தொடங்கியது; எம்.ரி.டி. வோக்கேர்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது அது. 2013 இல் மின்சார சபையே 24 மெகாவாற் கொள்ளளவுள்ள 'உத்துரு ஜனனி' நிலையத்தைப் பக்கத்தில் திறந்தது. வடக்கின் வசந்தம் என்று சுவரொட்டிகள் சொன்ன ஆண்டுகள் அவை. கேள்வி கேட்டவனை அபிவிருத்தியின் எதிரி என்றார்கள். போர் முடிந்த மண்ணில் அந்தப் பட்டத்துக்குப் பின்னால் இன்னொரு பட்டமும் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால் பலர் வாய் திறக்கவில்லை.

கிணற்றில் ஒயில் வந்தது எத்தனையாம் திகதி என்று யாராலும் சொல்ல முடியாது. வாளியை இறக்கி இழுத்தால், வெயில் பட்டதும் தண்ணீரின் மேல் நீலமும் ஊதாவுமாக ஒரு படலம் மெல்லச் சுழலும். விரலை வைத்தால் விலகும், எடுத்தால் கூடும். உலையில் வைத்த அரிசிக்கு டீசல் மணம். தேத்தண்ணியின் மேல் பளபளப்பு. குளித்துவிட்டு வந்த பிள்ளைக்குத் தோல் பிசுபிசுக்கும். முதலில் பக்கத்து வீட்டாரின் வாட்டர் பம் ஒழுகுகிறதோ என்றுதான் சந்தேகித்தார்கள். சில வீடுகளுக்கிடையில் அதனால் கதை பேச்சும் நின்றது. பிறகுதான் ஒழுங்கை முழுவதும் அதே மணம் என்று தெரிந்தது.

ஊரார் போகாத கந்தோர் இல்லை. கிராம அலுவலர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பிரதேச சபை, மாவட்டச் செயலகம் என்று மனுக்கள் போயின. உருப்படியான வேலையைச் செய்தது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. 2013, 2014 ஆண்டுகளில் மின்நிலையத்தைச் சுற்றி 150 கிணறுகளில் நீர் எடுத்துச் சோதித்தார்கள். அவற்றில் 109 கிணறுகளில், அதாவது நூற்றுக்கு 73 கிணறுகளில், எண்ணெயும் கிரீஸும் லீற்றருக்கு 1 மில்லிகிராம் என்ற குடிநீர் வரம்பைத் தாண்டியிருந்தன. அரச சபை ஒன்றே எடுத்த கணக்கு இது. வேறொரு நாட்டிலென்றால் அடுத்த நாள் காலை வாசலில் அறிவித்தல் ஒட்டியிருப்பார்கள். இங்கே வீட்டுக்காரன் தன் கிணற்றின் முடிவைத் தெரிந்துகொள்ளவே அலைய வேண்டியிருந்தது.

அடுத்து வந்தது பொறுப்புத் தள்ளல். தனியார் நிறுவனம் மின்சார சபையைக் காட்டியது: சபையின் வளவுக்குள் பழைய கழிவு ஒயில் தேங்கிய குழி கிடக்கிறது, போரில் தாங்கி உடைந்தது, எங்களைக் கேட்பதேன். அதில் பாதி உண்மை இருந்ததுதான் வில்லங்கம். குழி இருந்தது, குண்டும் விழுந்தது. ஐம்பது வருட அழுக்கு ஒரே நிலத்தில் கலந்து கிடக்கும்போது இன்ன சொட்டு இன்னாருடையது என்று பிரிப்பது இலகுவல்ல. அதற்காகத்தானே கண்காணிக்கும் சபைகள் இருக்கின்றன. மத்திய சுற்றாடல் அதிகார சபை இருந்தது. நிறுவனம் முதலீட்டுச் சபையோடு ஒப்பந்தம் செய்துகொண்டது என்பதால் அந்தச் சபைக்கும் பொறுப்பு இருந்தது. இரண்டு காவலாளிகள் இருந்தும் வாசல் திறந்து கிடந்தது.

தள்ளிப் பார்த்தால் இது வடக்கின் கதை மட்டுமல்ல. 2013 ஓகஸ்ட் 1 ஆம் திகதி, கம்பஹா மாவட்டத்தின் வெலிவேரியவில், ரதுபஸ்வெல ஊரவர்கள் தங்கள் கிணற்று நீர் ஒரு கையுறைத் தொழிற்சாலையால் கெட்டுவிட்டது என்று வீதிக்கு வந்தார்கள். இராணுவம் சுட்டது. மூவர் இறந்தார்கள். சிங்கள ஊர், சிங்களப் பிள்ளைகள். நான்கு வருடங்களுக்கு முன் இதே இராணுவத்துக்குப் பாற்சோறு கொடுத்து வரவேற்ற நாட்டில் நடந்தது அது. சுன்னாகத்தார் அதைப் பத்திரிகையில் வாசித்தபோது என்ன நினைத்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல. அங்கேயே அப்படி என்றால் இங்கே எப்படி?

2015 ஜனவரி 8 இல் ஆட்சி மாறியது. பயம் கொஞ்சம் தளர்ந்தது. அந்த மாதமே சுன்னாகம் வீதிக்கு வந்தது. ஆர்ப்பாட்டம், உண்ணாவிரதம், மாணவர்கள், வைத்தியர்கள், கட்சிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்தார்கள். மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தில் சுகாதாரத் தரப்பினரின் வழக்கு; நொதேர்ண் பவரின் இயக்கத்தை நிறுத்த இடைக்காலக் கட்டளை வந்தது. பாதிக்கப்பட்ட ஒழுங்கைகளில் பிரதேச சபைகளின் பவுசர்கள் தண்ணீர் கொண்டு ஓடின. கிணற்றுக் கட்டில் பிளாஸ்ரிக் வாளிகளை வரிசையாக வைத்துவிட்டு, கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பவுசருக்காகக் காத்திருந்த சனத்தை அந்த நாட்களில் சுன்னாகம், மல்லாகம், ஏழாலைப் பக்கம் போன எவரும் பார்த்திருப்பார்கள்.

இதுவரை சொன்னதில் வலிகாமத்தார் அதிர்ந்துபோக எதுவுமில்லை என்பேன். கொழும்பை அவர்கள் எப்போது நம்பினார்கள்? 1981 ஜூன் 4 ஆம் திகதி மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலின் வாக்குப்பெட்டிகளுக்கு நேர்ந்ததையும், அதற்கு முந்திய நாட்களில் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததையும் கண்டவர்கள் அவர்கள். கொழும்பு நிறுவனம் அழுக்கை விட்டது, கொழும்புச் சபை கண்ணை மூடியது என்றால் அது பழகிய கசப்பு. பழகாத கசப்பு வேறு இடத்திலிருந்து வந்தது.

2013 செப்ரெம்பரில் வடக்கு மாகாண சபைக்கு முதன்முதலாகத் தேர்தல் நடந்தது. 38 ஆசனங்களில் 30 ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குச் சனம் அள்ளிக் கொடுத்தது. முதலமைச்சராக வந்தவர் உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்து ஓய்வுபெற்ற சி.வி. விக்னேஸ்வரன். விவசாயத்தோடு சுற்றாடலையும் பொறுப்பேற்றவர் பொ. ஐங்கரநேசன், அரசியலுக்கு முன்பே சூழலியல் எழுத்தாளராக அறியப்பட்டவர். இதைவிடப் பொருத்தமான ஆட்களைத் தெரிந்தெடுக்க முடியாது என்றே தோன்றியிருக்கும். ஒயில் பிரச்சினை கைக்கு வந்ததும் மாகாண சபை நிபுணர் குழு ஒன்றை நியமித்தது. பாரவுலோகங்களோ பென்சீன் வகை நச்சுகளோ அபாயமான அளவில் இல்லை என்பதே அந்தக் குழு சொன்னதன் சாரம்.

ஊர் கொதித்தது. ஒரு சபை 109 கிணறுகள் கெட்டன என்கிறது. எங்கள் சபை பயப்பட வேண்டாம் என்கிறது. வாளியில் படலம் இன்னும் சுழல்கிறது.

இரண்டு அறிக்கைகளும் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்று அன்றைக்கு மேடைகளில் பேசினார்கள். கவனமாகப் பார்த்தால் அவை வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தேடியவை. 'எண்ணெயும் கிரீஸும்' என்ற சோதனை மொத்தப் பிசுக்கை அளக்கும். அதில் எது நஞ்சு, எது வெறும் பிசுக்கு என்று பிரிக்காது. பென்சீன், தொலுயீன் போன்றவற்றைத் தேடும் சோதனையோ கண்ணுக்குத் தெரியாமல் நீரில் கரைந்திருப்பவற்றை அளக்கும். அவை எளிதில் ஆவியாகிவிடும் வகை. கனமான ஒயில் மிதக்கும் கிணற்றில் இந்த நச்சுகள் அகப்படாமல் போவது நடக்கக்கூடியதே. அப்படி அகப்படவில்லை என்பதற்காக அந்த நீர் குடிக்கத் தக்கதாகிவிடாது. இதை ஒரு நல்ல இரசாயன ஆசிரியர் கரும்பலகையில் கால் மணிநேரத்தில் விளங்கப்படுத்தியிருப்பார். ஒருவரும் சனத்தின் முன் நின்று அதைச் செய்யவில்லை. குழுவின் கண்டுபிடிப்பைவிட அது சொல்லப்பட்ட விதம்தான் கூடச் சேதம் செய்தது என்பது என் எண்ணம்.

நைத்திரேற்றின் கதையும் அப்படியே. வலிகாமத்துத் தோட்டங்களில் யூரியா கொட்டியதாலும் மலக்குழிகள் கிணறுகளுக்குப் பக்கத்தில் இருப்பதாலும் நைத்திரேற்று ஏறியிருப்பது பழைய ஆய்வுகளிலேயே உள்ளது. நாமே செய்துகொண்ட தீங்கு அது, மறுக்க முடியாது. ஆனால் கழிவு ஒயிலைப் பற்றிக் கேட்டவனுக்கு, உன் வெங்காயத் தோட்டத்து உரத்தைப் பார் என்று விடை வந்தால் அவன் அதை விஞ்ஞானமாக எடுத்துக்கொள்வானா?

நம்பத் தக்க வாய் இல்லாதபோது பேசும் வாயெல்லாம் நம்பத் தக்கதாகிவிடும். ஒயில் அந்த ஊருக்குப் போய்விட்டது, இந்த ஊருக்கு வந்துவிட்டது என்று கதைகள் கிளம்பின. மின்நிலையத்துக்கு எத்தனையோ மைல் தள்ளி, ஒரு குறையுமில்லாத கிணறு வைத்திருந்தவர்களும் போத்தல் தண்ணீருக்கு மாறினார்கள். சின்னச் சின்னக் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கடைகள் முளைத்தன. எட்டில் ஒரு பங்குக்காக உறுதி எழுதிய நாட்டில், தண்ணீர் கடைச் சாமானாயிற்று.

பயப்பட வேண்டாம் என்று சொன்ன வாய் நம்பிக்கையை இழப்பதற்கு ஜப்பானின் மினமாட்டாவில் பழைய உதாரணம் ஒன்றுண்டு. அங்கே சிசோ நிறுவனம் கடலில் விட்ட பாதரசக் கழிவால் நோய் பரவுவது 1956 இல் வெளிப்பட்டது. 1959 டிசெம்பரில் நிறுவனம் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றைத் திறந்தது. நிறுவனத் தலைவர் எல்லோரும் பார்க்க ஒரு குவளை நீரை அருந்திக் காட்டினார். பாதரசம் வந்த பகுதியின் கழிவோ அந்த நிலையத்துக்குள் போகவே இல்லை என்பது பிறகு தெரியவந்தது. 2014 இல், சுன்னாகத்துக் கிணறுகளைச் சோதித்துக்கொண்டிருந்த அதே ஆண்டில், அமெரிக்காவின் ஃபிளின்ற் நகரத்தில் செலவைக் குறைக்க ஆற்று நீருக்கு மாறினார்கள். பழைய குழாய்களிலிருந்து ஈயம் இறங்கியது. அதிகாரிகள் மாதக்கணக்கில் நீர் நல்லதுதான் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதை ஒரு பிள்ளை வைத்தியர் தரவுகளோடு வெளியே சொன்ன பிறகுதான் தலை குனிந்தார்கள்.

சுன்னாகத்துக்கு விடிவு வந்த திசை யாரும் எதிர்பாராதது. 2015 இல் கொழும்பு உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுத் தாக்கல் செய்தவர் தெற்கைச் சேர்ந்த சிங்களச் சூழலியலாளர் ரவீந்திர காரியவசம். மனு இலக்கம் 141/2015. நாலு வருடம் இழுத்து, 2019 ஏப்ரல் 4 ஆம் திகதி, நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன எழுதிய தீர்ப்பு வந்தது. நீர்வழங்கல் சபையின் ஆய்வுக்கு அதில் உரிய இடம் கிடைத்தது. நிலத்தடி நீர் மாசடைந்ததில் நொதேர்ண் பவர் நிறுவனத்துக்குப் பொறுப்புண்டு என்று நீதிமன்றம் கண்டது. கண்காணிக்க வேண்டிய சபைகள் கடமையில் தவறியதையும் சுட்டியது. அழுக்காக்கியவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, பாதிக்கப்பட்ட கிணற்றுக்காரர்களுக்காக 2 கோடி ரூபா கட்ட நிறுவனத்துக்குக் கட்டளை.

இந்தத் தீர்ப்புக்கு ஒரு மூத்த தீர்ப்பு உண்டு. எப்பாவல பொஸ்பேற்றுப் படிவை அமெரிக்க நிறுவனமொன்றோடு சேர்ந்து அகழ அரசு முனைந்தபோது, அந்த ஊர் விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2000 ஆம் ஆண்டில் நீதியரசர் அமரசிங்க எழுதியது. நாட்டின் இயற்கை வளத்துக்கு அரசு சொந்தக்காரன் அல்ல, மக்கள் பேரால் அதைப் பொறுப்பில் வைத்திருப்பவன் என்ற கருத்து அங்கே வேரூன்றியது. அனுராதபுரத்து விவசாயிகள் வென்ற வாதம் பத்தொன்பது வருடம் கழித்து வலிகாமத்துக் கிணற்றடிக்கு வந்து சேர்ந்தது. இன அரசியல் மட்டும் படித்தவர்களுக்கு இந்த வரலாறு பிடிபடாது.

2 கோடி என்பது கேட்கப் பெரிய தொகை. 109 கிணறுகளுக்கு என்று வைத்தாலும் பங்குக்கு இரண்டு லட்சம் தேறாது. பாதிக்கப்பட்ட கிணறுகளோ அதைவிட எத்தனையோ மடங்கு. கிணறு கலக்கி இறைத்துச் சுத்தம் செய்ய ஏதோ உதவும். சுண்ணக்கல்லுக்குள் போனதை இறைத்து எடுக்க எந்தத் தொகையும் காணாது. தீர்ப்பு வந்த நேரத்தில் அதைப் பற்றிக் கேட்க மாகாண சபையும் இல்லை. 2018 ஒக்ரோபரில் அதன் காலம் முடிந்திருந்தது; பிறகு பல ஆண்டுகள் தேர்தலே வைக்கவில்லை. ஒரு விதத்தில் அந்தச் சபைக்கு அது வசதியாயிற்று. சுன்னாகத்து வாக்காளரின் முன் வந்து நின்று கணக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இதற்கிடையில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்து நீரைக் குழாய் வழியே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டம், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு மேசைக்கு வந்திருந்தது. வன்னி விவசாயி, என் வயலுக்குக் காணாத நீரை உனக்கு ஏன் தர வேண்டும் என்றான். யாழ்ப்பாணத்தான், வரும் தண்ணீரைச் சோதிப்பது யார் என்று கேட்டான். கடைசியில் மருதங்கேணிப் பக்கம் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டும் நிலைக்குக் காரியம் போனது. அந்தப் பேரங்களும் பிணக்குகளும் அடுத்த பகுதியில்.